அலையும் மனமும் அமைதிப் பயிற்சியும்

வகுப்பில் இருக்கை கொள்ளாத பிள்ளையைக் குழப்படிகாரன் என்றும், சொன்னதை மறக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றும் கூறிவிடுதல் எளிது. கூறியபின் அடிப்பது அதனினும் எளிது. ஆயின், அத்தகையோருட் சிலரிடம் உள்ளது குணக்கேடன்று. மூளை வளர்ச்சி வழிப்பட்ட குறைபாடு. அறிவிற் குறையின்றியும் தம்மை அடக்கியாள இயலாத பிள்ளைகளைப் பற்றி 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் மருத்துவர் இலண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். இன்று அது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு எனப்படுகிறது. உலகப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 பேரளவில் இதற்கு ஆளாவர் என 2007இல் வெளிவந்த ஆய்வுத்தொகுப்பொன்று கணித்தது. ஓடித் திரியாது யன்னலுக்கு வெளியே நோக்கியிருக்கும் பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர். தொல்லை தராமையால் அவர்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இப்பிள்ளைகளுக்குத் தியானமே மருந்து என்பார் சிலர். சைவப் பாடசாலையிற் கற்பிக்கும் எமக்குத் தியானத்தின் அருமை தெரியாததன்று. ஆயினும் இக்கூற்றை அவ்வாறே ஏற்க எம்மால் இயலவில்லை. 2008இல் கலிபோர்னியாவில் வளர்ந்தோருக்கும் இளைஞருக்கும் எட்டு வாரம் மனவிழிப்புப் பயிற்சி அளித்து நோக்கியபோது, பலரிடம் குறைபாட்டின் அறிகுறிகள் தணிந்தன. ஆனால் அது சிறு தொகையினரிடத்தே, ஒப்புநோக்கும் குழுவின்றி நிகழ்ந்த முயற்சி. ஆகவே தியானம் துணையாகலாம், மருத்துவர்க்கு மாற்றாகாது. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்திப் பிள்ளையைத் தியானத்தில் இருத்துவது அறிவுடைமையன்று.

எமது முன்னோர் வகுத்த முறையும் இதற்கு இசைந்ததே. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் விரிக்கும் எட்டு உறுப்புக்களுள் தியானம் ஏழாவது. ஆதனமும் பிராணாயாமமும் தாரணையும் அதற்கு முற்பட்டவை. உடம்பே அடங்காத சிறுவனை ஏழாம் படியிற் கொண்டுபோய் நிறுத்தி, "கண்ணை மூடு, அசையாதே" என அதட்டுதல் எந்நூல் கூறிய நெறி?

எனவே உடம்பிலிருந்து தொடங்குவோம். முதலில் ஓடி விளையாடட்டும். பின்னர் ஐந்து நிமிடம் மூச்சை எண்ணட்டும். இருக்க இயலாதவன் அடிமேல் அடி வைத்து மெல்ல நடக்கட்டும். மனம் அலைந்தால் அது தோல்வியன்று. அலைந்த மனத்தை மீளக் கொணர்தலே பயிற்சி. இருபது முறை அலைந்து இருபது முறை மீண்டவன், இருபது முறை பயின்றவனாவான். இதனை அவனுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியரே வேண்டும். தண்டனையாக விதிக்கும் மௌனம் மௌனத்தையே வெறுக்கச் செய்யும். அவ்வாறே இடைவேளையைப் பறித்தலும் தகாது.

ஓய்வைப் பற்றியும் ஒரு சொல். விடியுமுன் ஒரு ரியூசன், மாலையில் மற்றொன்று என ஓடும் பிள்ளைக்கு, நிறைந்த உறக்கமுமின்றி, தியானம் என்ன பயன் தரும்? பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

விழாக் காலத்திற் கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் வழங்க முன்வரும் பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. மரநிழலில் ஓர் அமைதியான இடமும், இப்பிள்ளைகளை இனங்காண ஆசிரியர்க்குப் பயிற்சியும் உதவுங்கள். பட்டியலிற் பெயர் வெட்டப்பட்டு வெளியேறவிருக்கும் ஒரு மாணவனேனும் அதனால் வகுப்பில் நிலைப்பானாயின், அதுவே இவ்விழாவின் பெரும்பேறாகும்.