பளபளப்பு வேண்டாம், சுத்தம் போதும்

காலை நிகழ்ச்சியில் கார் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வாட்சாப் நிறைந்துவிடும். டயர், பேட்டரி, டின்ட் எல்லாவற்றுக்கும் நம்மிடம் நிபுணர்கள் உண்டு. ஆனால் லெதர் சீட் என்று ஆரம்பித்தால் வரும் குறிப்புகளைப் படிக்கத்தான் எனக்குக் கொஞ்சம் பயம். தேங்காய் எண்ணெய் பூசுங்கள், வினிகர் தெளியுங்கள், ஷூ பாலிஷ் அருமை. பேபி ஆயில் என்று ஒருவர். சமையலறையில் பாதி, குளியலறையில் பாதி!

என் பெரியம்மா மகள் கிள்ளானில் இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். ஐந்து வருடம் ஓடிய பழைய கார், லெதர் சீட் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார். போன மாதம் கார் கழுவும் கடை ஒன்றில், கேட்காமலேயே சீட்டுக்கு ஏதோ பளபளப்புத் திரவம் பூசிவிட்டார்கள். அடுத்து ஏறிய பயணி வெள்ளை பாஜு கூரோங். இறங்கும்போது பின்பக்கம் சாம்பல் நிறத்தில் கறை. கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். “ராத்திரி பகலா ஓடிச் சேர்த்த ரேட்டிங் தம்பி, ஒரு துணியில போச்சு,” என்றார் அக்கா. அவருக்கு அது வெறும் சீட் இல்லை, கடை முகப்பு.

அந்தத் திரவங்களில் பெரும்பாலும் சிலிகானும் எண்ணெயும்தான். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் மினுக்கு வேலை அது. சீட்டில் பூசினால் வழுக்கும், தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உட்காருபவர் துணியில் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான். வெயிலில் நின்ற காருக்குள் அதன் வாடையைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் கடையில் குழப்பம் பாதி குறையும். இன்றைய கார் சீட்டுத் தோலில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல் நிறப்பூச்சும், அதன் மேல் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய காப்புப் பூச்சும் இருக்கும். நாம் தொடுவது அந்தப் பூச்சைத்தான். அதனால் கண்டிஷனர் “தோலுக்கு உணவு” என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் உள்ளே போவது மிகக் கொஞ்சம். சீட்டைக் கெடுப்பது பசி இல்லை, அழுக்கு. வியர்வையும் உடல் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் தூசியோடு கலந்து, ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பூச்சை உரசுகின்றன. உங்கள் ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பைப் பாருங்கள், முதலில் தேய்ந்திருப்பது அதுதான். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் கண்டிஷனரை விட்டுவிட்டு நல்ல கிளீனரை வாங்குங்கள்.

அதற்கு முன், சீட் உண்மையிலேயே தோலா? பல கார்களில் உட்காரும், சாயும் பகுதி மட்டும் தோல். பக்கவாட்டும் முதுகுப்புறமும் வினைல். மெர்சிடிஸின் ஆர்ட்டிகோ, பிஎம்டபிள்யூவின் சென்சாடெக் இரண்டும் பெயரில் கம்பீரம், ஆனால் முழுக்கச் செயற்கை. மாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. செயற்கை என்றால் கண்டிஷனர் தேவையே இல்லை. காரோடு வந்த கையேட்டில் விவரம் இருக்கும். நாமாக உறை மாற்றிய சீட் என்றால் அடியில் வெட்டுமுனையைத் தேடிப் பாருங்கள்: பின்புறம் துணி நெய்தாற்போல் இருந்தால் செயற்கை, நார் நாராக இருந்தால் தோல்.

கிளீனருக்கு வருவோம். தோல் சற்று அமிலத்தன்மை உள்ள பொருள். கட்டிச் சோப்பு, துணி துவைக்கும் தூள், எல்லாவற்றையும் துடைக்கும் கிளீனர்களில் பல, காரத்தன்மை கொண்டவை. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பாட்டிலில் ‘பிஎச் நியூட்ரல்’ என்றும் லெதருக்கானது என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கை இல்லையா? நம் வீட்டிலேயே சோதனைக்கூடம் இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, ஆரத்தித் தட்டில் பார்க்கிறோமே, அதே சங்கதிதான். கொஞ்சம் மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளை டிஷ்யூவில் தடவி, கிளீனர் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் அது சீட்டுக்கு வேண்டாம். (சீட்டில் கறிக்கறையைச் சோப்பு போட்டுத் தேய்த்ததும் சிவப்பானதைப் பார்த்துப் பதறியவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.) ஆல்கஹால், அசிட்டோன் உள்ளவற்றை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அவை பூச்சையே கரைக்கும், பட்டியலைப் படித்துத் தவிருங்கள். சுவரைத் துடைக்கும் அந்த வெள்ளை மேஜிக் பஞ்சும் கூடாது, அது மிக நைஸான உப்புத்தாள்.

ஒரு ஞாயிறு காலை அக்கா வீட்டு வாசலில் நிழலில் உட்கார்ந்தோம். முதலில் வேக்குவம். கிளீனரைச் சீட்டில் நேரே அடிக்காமல் மென்மையான பிரஷ்ஷில் நுரையாக்கி, ஒரு கையகலம் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பிறகு அடுத்த கையகலம். துளை போட்ட சீட் என்றால் இன்னும் குறைவான ஈரம், நுரை துளைக்குள் இறங்கினால் வெளியே வராது. துணியில் வந்த நிறத்தைப் பார்த்து அக்கா வாயடைத்துப் போனார். டீட்டெய்லிங் கடை ஒன்று அவரிடம் “கண்டிஷனர் பேக்கேஜ், ஆறு தடவை போட்டால் வெடிப்பு சரியாகிவிடும்” என்று சொல்லியிருந்தது. வெடிப்பு என்று அவர் நினைத்த கோடுகளில் பாதி மடிப்பில் தங்கிய அழுக்கு. மீதி நிஜ வெடிப்பு. அதை எந்தக் கண்டிஷனரும் மூடாது. நிரப்பி மறுபடி நிறம் பூசும் வேலை அது, செய்வதானால் அதற்கே பணம் கொடுக்கலாம்.

கண்டிஷனர் பூசியே தீர வேண்டும் என்றால் நீர் சார்ந்தது, காய்ந்தபின் மினுங்காதது. துணியில் சிறிதளவு, மெல்லிய பூச்சு, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பது. சொந்தக் காருக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு சுத்தம் போதும். அக்கா போல நாள் முழுக்க ஆள் ஏற்றுபவர்கள் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை கிளீனர் போடலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. 2020 ஜனவரியிலிருந்து குழந்தை இருக்கை இங்கே கட்டாயம். அது அழுத்தும் இடத்தில் தோலில் குழி விழும், பிஸ்கட் தூளும் பாலும் அடியில் சேரும். அடியில் விரிப்புப் போடலாமா என்பதைக் குழந்தை இருக்கையின் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். சிலவற்றில் விரிப்பு இருந்தால் பிடிமானம் தளரும். தோலில் குழி விழுந்தால் விழட்டும். முழு சீட் உறை வாங்குவதானால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய், கொண்டோவின் அடித்தளத்தில் காரை இரண்டு வாரம் விட்டுச் செல்பவர்கள், போகும் முன் சீட்டைத் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருந்தால் திரும்பி வரும்போது பூஞ்சை வரவேற்கும். அப்படி வந்துவிட்டால் காரை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு துடைக்க ஆரம்பியுங்கள்.