பழைய தேக்கே மேல்

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கூடத்துச் சோபா ஊறி உப்பிவிட்டது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை, காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஆச்சியின் பெஞ்சு துடைத்ததும் சரியாயிற்று. ஆகவே, அப்பா தவணைக்கடனில் புதுச் சோபா வாங்குவதைவிடப் பழைய தேக்கு நாற்காலிகள் வாங்குவதே மேல் என்பேன்.

“பிறர் உட்கார்ந்ததிலா நாம் உட்காருவது?” என்கிறார்கள் ஆச்சி. (பேருந்தில் மட்டும் எப்படியாம்?) காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு, செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குச் சாமான்களைத் தேடி வெளிநாட்டினரும் வருகிறார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

வாங்குமுன் கால்களைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் உள்ளே செல்லரித்திருக்கும், வேண்டாம். பிரம்பு அறுந்திருந்தால் பாதகமில்லை, மறுபடி பின்னிக்கொள்ளலாம்.