ஓ.டி.பி. யார் போனுக்கு?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு அறிவித்த நாள் 2025 நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். தற்செயல்தான். ஒப்புதல் தொடர்பான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நம்மைப் பிடிக்கும். தரவு கசிந்தால் 72 மணி நேரத்தில் அறிக்கை, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று கிளினிக்குகளில் இப்போதே பதற்றம். அதை வக்கீல்களும் சாஃப்ட்வேர் விற்பவர்களும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு.

சென்ற மாதம் 68 வயது அம்மா ஒருவருக்கு 14 நாள் சர்க்கரை சென்சார் ஒட்டினோம். இன்சுலின் போடுபவர், விடியற்காலையில் சர்க்கரை லோ ஆகிறதோ என்று சந்தேகம். அவரிடம் இருப்பது பட்டன் போன். சென்சாரின் செயலி மருமகள் போனில் ஏறியது, ஓ.டி.பி.யும் அங்கேதான் வந்தது. மருமகள் ஆறு இலக்கத்தை வாசித்தார்; 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று பச்சை விழுந்தது.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா சென்சாரைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். "குளிக்கிறப்போ வந்துருச்சு டாக்டர்." மருமகள் மருந்து வாங்கப் போனதும் குரல் தாழ்ந்தது: "கல்யாண வீட்ல ஒரு ஜாங்கிரி தின்னேன். ரெண்டு நாளா வீட்ல அதே பேச்சு."

ஏ.ஜி.பி. என்ற சர்க்கரை வரைபடத்துக்கு வேண்டிய 70 சதவீதத் தரவுகூடத் தேறவில்லை. ஜாங்கிரி ஏற்றிய 310ஐ வீடே பார்த்தது. நான் தேடிய அதிகாலை லோ யாருக்கும் தெரியாமல் போனது.

ஒப்புதலைத் தந்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே வழி சென்சாரைப் பிய்ப்பதுதான்.

அறிவிப்பை 22 மொழிகளில் தரச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் தமிழில் வந்தாலும் அது வரப்போவது மருமகள் போனுக்கு. குழந்தைக்குப் பெற்றோர் உண்டு, மாற்றுத்திறனாளிக்குச் சட்டபூர்வக் காப்பாளர் உண்டு. புத்தி தெளிவாக இருந்து ஸ்மார்ட்போன் மட்டும் இல்லாத கிழவிக்கு விதியில் ஒரு வரி கிடையாது. 2025 ஜனவரியில் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டவர்கள், ஒரே ஒருநாள் ஏதாவதொரு சர்க்கரை ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தால் போதுமே! போனும் ஆளும் ஒன்று என்று டெல்லியில் யார் முடிவு செய்தது?

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில், சென்சார் காட்டுவதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று இப்போது மூன்று கட்டம் போட்டிருக்கிறோம்: டாக்டர், டயட்டீஷியன், வீடு. புது சென்சார் ஒட்டுமுன் அந்த அம்மாவிடம் தனியாக நீட்டினேன். முதல் இரண்டில் டிக் போட்டார். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லோ ஆனா மட்டும் சொல்லலாமா?" என்றார். அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை. நான்காவதாக ஒன்று வரைந்தோம்.