யார் தலையில் அபாயம்?

சென்ற பௌர்ணமியன்று வழக்கம்போல் கிரிவலம் கிளம்பினேன். திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. புண்ணியம் சேருகிறதோ இல்லையோ, 14 கிலோமீட்டர் நடந்து முடிப்பதற்குள் உலக விவகாரம் ஒன்றையாவது யாராவது நம் காதில் போட்டுவிடுவார்கள்.

இந்தத் தடவை அக்னி லிங்கத்தருகே என்னைப் பிடித்துக் கொண்டவர் செய்யாற்றுப் பக்கத்துக் குடியானவர், வெகுகாலப் பழக்கம். "ஐயா, ஒரு யோசனை சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தார். செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் வெளிநாட்டுப் பெயர் பொறித்த காலணிகள் தயாராகின்றன என்பதும், சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதும் நேயர்கள் அறிந்த விஷயம். அவருடைய மகளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறதாம். கூடவே ஒரு புத்தகமும் கொடுத்திருக்கிறார்கள். வழுவழுப்பான காகிதம், பக்கத்துக்குப் பக்கம் சிரித்த முகங்கள். மனித உரிமையை மதிக்கிறோம், தொழிலாளியின் க்ஷேமமே முதல் கடமை, காற்றையும் நீரையும் கெடுக்கமாட்டோம் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது.

"எழுதியிருப்பது நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. இதை நம்பிப் பெண்ணை அனுப்பலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. எம லிங்கம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

பல தேசங்களில் வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகள் பலவற்றில் இப்பொழுது 'அபாயத்தை நிர்வகிக்க' ஒரு தனி இலாகா இருக்கிறது. ஆனால் அபாயம் என்பது யாருக்கு அபாயம் என்று கேட்டால்தான் விஷயம் புலப்படும். கம்பெனியின் பெயருக்கும் பணத்துக்கும் வரக்கூடிய அபாயம் ஒன்று. தொழிலாளியின் உடம்புக்கும் ஊர்க் கிணற்றுக்கும் வரக்கூடிய அபாயம் வேறொன்று. முதலாவதைக் கவனிக்கிறவர்கள் இரண்டாவதையும் கவனிப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

கொடைக்கானலை எடுத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த வாட்டர்டவுன் என்னும் ஊரில் இருந்த ஜுர உஷ்ணமானித் தொழிற்சாலையொன்றை 1980-களில் பெயர்த்துக் கொண்டுவந்து, அந்தக் குளிர்ந்த மலைமேல் நிறுவினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்த அது, பின்னர் யூனிலீவர் குழுவின் இந்தியக் கிளையான ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. உஷ்ணமானிக்குள் இருப்பது பாதரசம். சாதாரணச் சூட்டிலேயே அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். அந்த ஆவிக்கு வாசனையுமில்லை, நிறமுமில்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊர்க் கடலில் ஓர் ஆலை பாதரசக் கழிவை விட்டு, மீன் தின்ற ஜனங்கள் கைகால் முடங்கிப் போன கதை 1956-லிருந்தே வெளிவரத் தொடங்கிவிட்டது. ஆகவே, 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்று சொல்ல இடமில்லை.

2001 மார்ச்சு மாதத்தில், கொடைக்கானலில் ஜனங்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்ததை ஊராரும் கிரீன்பீஸ் சங்கத்தாரும் கண்டுபிடித்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். வந்த வழியே போயிற்று என்று சந்தோஷப்படலாமா? தொழிலாளிகளின் உடம்பில் ஏறியதை எந்தக் கப்பலில் ஏற்றுவது? கம்பெனியோ, பாதரசத்தால் யாருக்கும் வியாதி நேர்ந்ததாக ருசுவில்லை என்றே வாதித்து வந்தது. பழைய தொழிலாளிகள் 2006-ல் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருஷம் வழக்கு நடந்தது. 2015-ல் சென்னைப் பெண்ணொருத்தி இதைப் பாட்டாகப் பாடி, அது உலகமெங்கும் பரவிற்று. 2016 மார்ச்சில் கம்பெனி 591 தொழிலாளிகளுடன் ராஜியாகப் போயிற்று. கொடுத்த தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை.

"பத்து வருஷமா!" என்றார் நண்பர். "அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்களோ!"

போபாலின் கதை இதைவிடக் கொடியது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கிளம்பி ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கத்திலேயே கொன்றது. வாயுவைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய யந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் அன்று உபயோகத்தில் இல்லை. விதிகள் காகிதத்தில் இருந்தன, யந்திரம் ஓடவில்லை. 1989-ல் 47 கோடி டாலருடன் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஆனால் அந்தத் துயரத்தை ஒட்டி நம் தேசத்தில் சட்டம் சற்று விழித்துக்கொண்டது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம், டில்லியில் நடந்த வேறொரு வாயுக் கசிவு வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துகிறவன் 'நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது, விளைந்த தீங்குக்கு அவனே ஜவாப்தாரி என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

உலக அளவிலும் முயற்சி நடந்திருக்கிறது. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் வகுத்த 31 நெறிகளை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கவுன்சில் 2011-ல் ஏற்றுக்கொண்டது. ஜனங்களைக் காப்பது சர்க்காரின் கடமை; உரிமையை மதிப்பது கம்பெனியின் பொறுப்பு; தீங்கு நேர்ந்தால் பரிகாரம் கிடைத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள ஆயிரம் கம்பெனிகள் 2022-23-ஆம் வருஷம் முதல் இவ்விஷயங்களைப் பற்றி வருஷாந்திர அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அறிக்கை எழுதுகிறவரும் கம்பெனியின் சம்பளக்காரரே என்பதை மறக்கலாகாது.

"அப்படியானால் எதைத்தான் நம்புவது?" என்று நண்பர் சலித்துக் கொண்டார்.

அவருக்குத் திண்டுக்கல்லின் கதையைச் சொன்னேன். 2021 ஜனவரியில் அந்த ஜில்லாவில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம் பெண் கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அந்த ஆலையிலிருந்து துணி வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகளிடமும் பெண்களின் மானத்தைக் காப்பதாக அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. அவை அவளைக் காக்கவில்லை. பெண்களே தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் கம்பெனியுடனும் எச் அண்ட் எம் கம்பெனியுடனும் ஓர் உடன்படிக்கை செய்தது. பிறகு வேறு அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்தன. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று ஆலைக்குள் கண்காணிப்பார்கள். புகாரை விசாரிக்காமல் ஆலை தட்டிக் கழித்தால், சாமான் வாங்குகிறவர் வியாபாரத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் கட்டுப்பட்டவர். இது தயவில் கொடுத்த வாக்குறுதியல்ல. கையெழுத்துப் போட்டு ஏற்ற கடன்.

இதுவும் நமக்குப் புதிதல்ல. 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில்லில் ஹார்வி துரைமாரிடம் வேலை செய்தவர்கள், வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்ட, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். துரைமாருக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிடவில்லை. எதிரே நின்றவர்கள் ஒன்றாக நின்றார்கள். நம் ஊருக்கருகே கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது வெட்ட ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனியார் திட்டமிட்டபோதும், சுற்றுக் கிராமத்தார் ஒன்றுகூடி ஆட்சேபித்தது நினைவிருக்கலாம்.

ஈசான்ய லிங்கம் வந்துவிட்டது. நண்பர் நின்றார்.

"பெண்ணை அனுப்ப வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன்" என்றேன். "அவள் சம்பாதிப்பது அவளுக்கும் குடும்பத்துக்கும் பலம். ஆனால் புத்தகத்தை அப்பால் வைத்துவிட்டு, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் பெண்களை விசாரியுங்கள். பசையும் ரசாயனமும் உபயோகிக்கும் இடத்தில் காற்றோட்டம் உண்டா? தலை சுற்றினால் உட்கார விடுகிறார்களா? மேற்பார்வையாளர் மீது புகார் கொடுத்தவள் அடுத்த மாதமும் வேலையில் இருந்தாளா? சங்கம் வைத்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு அந்தப் பெண்கள் பயப்படாமல் பதில் சொன்னால், அதுவே நல்ல அத்தாட்சி. பதில் சொல்லவே பயந்தார்களானால், அதுவும் ஒரு பதில்தான்."

அவர் சற்று நேரம் மலையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் அங்கே போகிறார்கள், ஐயா. நான்தான் இதுவரை அவர்களைக் கேட்கவில்லை" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு வரும்போது சொல்வதாக ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்.