48 வோல்ட் போதும்!

“வால்வு என்பது அருங்காட்சியகப் பொருள், அதை வைத்துக்கொண்டு இன்று என்ன செய்வது?” என்று கேட்பவர்கள் உண்டு. “வால்வில் வரும் ஒலிக்கு ஈடு இணையே கிடையாது” என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. மாணவ நண்பர்களே, நாம் இந்த இரு கட்சியிலும் சேர வேண்டியதில்லை. ஹெட்போனுக்கான வால்வுப் பெருக்கி ஒன்றை நீங்கள் உங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் ஒலியின் இனிமை அன்று. அதில் கிடைக்கும் பாடம்.

1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்வாய் ஒன்றைச் சேர்த்தார். அதுவே கிரிட். சூடேறிய கேதோடிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்கள் நேர் மின்னழுத்தமுள்ள தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் நிற்கும் கிரிட், வாய்க்கால் மடை போன்றது. மடைப் பலகையைச் சிறிதே அசைத்தாலும் பாயும் நீரின் அளவு பெரிதும் மாறுகிறது அல்லவா? பெருக்கியின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான்.

1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. நாளடைவில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வால்வின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. விற்காத வால்வுகள் அட்டைப் பெட்டிகளில் தேங்கின. இசைப் பெருக்கிகளுக்கு ஏற்ற வகைகளுக்கு இன்றும் நல்ல விலை உண்டு. மற்றவற்றைச் சீந்துவார் இல்லை. அப்படிக் கிடந்த ஒன்று 19ஜே6. அதன் சூட்டிழைக்கு 18.9 வோல்ட் வேண்டும், பொதுவான 6.3 வோல்ட் அதற்குப் பொருந்தாது. அதனால்தான் அது மலிவாகக் கிடைத்தது.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் இந்த வால்வைக் கொண்டு ஹெட்போன் பெருக்கி ஒன்றை வடிவமைத்தார். கையில் காசில்லாத மாணவர்களை எண்ணி அதற்குப் ‘பட்டினி மாணவன்’ என்று பொருள்படும் பெயரும் வைத்தார். அதற்கு வேண்டியவை இரண்டு வால்வுகள், இரண்டு மாஸ்ஃபெட்டுகள், சில மின்தடைகள், மின்தேக்கிகள், 48 வோல்ட் தரும் அடாப்டர் ஒன்று. அவ்வளவே.

வால்வு இருக்கும்போது மாஸ்ஃபெட் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரிட்டில் 1 வோல்ட் மாறினால் தகட்டு மின்னோட்டம் 2 மில்லியாம்பியர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.1 வோல்ட் சைகை வந்தால் 0.2 மில்லியாம்பியர் மாறும். இது 10,000 ஓம் தடை வழியே சென்றால் 2 வோல்ட் கிடைக்கும். அதாவது 20 மடங்கு. (வால்வின் உள்தடையால் இது சற்றுக் குறையும்.) அதே 0.2 மில்லியாம்பியரை 32 ஓம் ஹெட்போனில் நேரே செலுத்தினால் கிடைப்பது 0.0064 வோல்ட்தான்! பெருக்க வந்தவர் சுருக்கிவிட்டார். 32 ஓமில் 2 வோல்ட் வேண்டுமானால் 62.5 மில்லியாம்பியர் தேவை. இந்தச் சிறு வால்வால் அது ஆகாது, மாஸ்ஃபெட்டால் ஆகும். ஆகவே மின்னழுத்தத்தைப் பெருக்குவது வால்வின் வேலை. மின்னோட்டத்தைத் தருவது மாஸ்ஃபெட்டின் வேலை. மாஸ்ஃபெட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டமே வால்வின் சூட்டிழை வழியாகச் சென்று அதைச் சூடேற்றவும் செய்கிறது. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

“ஒரு சிறு ஐ.சி. இதைவிடத் துல்லியமாகப் பெருக்குமே?” என்று கேட்கலாம். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஐ.சி.க்குள் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. இங்கோ ஒவ்வொரு உறுப்பும் ஏன் இருக்கிறது, அதன் மதிப்பு ஏன் இவ்வளவு என்று ஓம் விதியைக் கொண்டே விளக்கிவிடலாம். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த விதி இங்கே கைக்கு எட்டுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆர்வக் கோளாறில் தாத்தா காலத்து வால்வு ரேடியோவைத் திறந்துவிடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் தகட்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சிலவற்றில் உலோகச் சட்டமே மெயின்ஸோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. கற்பதற்கு 48 வோல்ட் போதும். அந்த அளவிலும் ஈரக்கை கூடாது; அடாப்டரின் உறையைத் திறக்கவே கூடாது; விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மாஸ்ஃபெட் நன்றாகச் சூடேறும்; அதற்கு வெப்பம் கடத்தும் தகடு தேவை. மின்சாரம் கொடுத்ததும் ஹெட்போனைச் செருகாமல், வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் ஏதும் நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் முதலில் பாருங்கள். ஒலியைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள். 32 ஓம் ஹெட்போனில் 0.18 வோல்ட் என்பது 1 மில்லிவாட். பெரும்பாலான ஹெட்போன்களில் அதுவே உரத்த ஒலி.

அந்தப் பெருக்கி புகழ் பெற்றதும், சீந்துவாரற்றுக் கிடந்த 19ஜே6 அரிதாகிப் போனது. உபரிச் சரக்கின் இயல்பு அது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். படத்தைப் பார்த்து அப்படியே பற்றவைக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு வழி அடைந்தது. கணக்கு தெரிந்தவர்களோ தடைகளை மாற்றிப் போட்டு, வேறு வால்வுகளைக் கொண்டு அதே பெருக்கியைச் செய்தார்கள்.

நண்பர்களே, அந்த இரண்டாம் கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டும். பெருக்கியைச் செய்து முடித்ததும் பாட்டைக் கேளுங்கள், மகிழுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு தடையும் எதற்கு என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடத்தில்தான் அடுத்த பாடம் இருக்கிறது.