கணிப்பை விடலாம், கணக்கை விட வேண்டாம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், பாகலூர் பக்கத்திலிருந்து வந்த ஒன்று பூச்சியைப் பற்றியதும் அல்ல, உரத்தைப் பற்றியதும் அல்ல. தக்காளியும் கேழ்வரகும் பயிர் செய்யும் ஒரு விவசாயி, சில ஆண்டுகளாகத் தன் ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் வாட்ஸ்ஆப் மூலம் மழை நிலவரம் சொல்லி வருகிறார். அதற்கான படிப்பு எதுவும் இல்லை, ஆசைதான். கைப்பேசியில் காற்று வரைபடம் பார்ப்பது, செயற்கைக்கோள் படம் பார்ப்பது, மாலூர்ப் பக்கம் மேகம் கட்டுகிறதா என்று மாடியேறிப் பார்ப்பது எல்லாம் அவருக்குப் பிடித்த வேலை. களத்துமேட்டில் ஒரு மழைமானி வைத்து, தினமும் நோட்டில் எழுதியும் வருகிறார்.

இப்போது நிறுத்திவிட நினைக்கிறார். இரவு பத்து மணிக்கும் போன் வருகிறது. சொன்னபடி மழை வந்தால் யாரும் பேசுவதில்லை. வராவிட்டால் திட்டு விழுகிறது. மருந்தடிக்கலாமா, கொத்தமல்லி அறுக்கலாமா, கல்யாணப் பந்தலை வெளியே போடலாமா என்று எல்லாவற்றுக்கும் அவர் வாயைத்தான் பார்க்கிறார்கள். நிறுத்தினால் ஊரைக் கைவிட்டது போல் ஆகுமா, பிறகு இவர்கள் யாரைக் கேட்பார்கள் என்பது அவருடைய கேள்வி.

தாராளமாக நிறுத்தலாம். சம்பளம் இல்லாமல், தன் நேரத்தைச் செலவழித்து ஒருவர் செய்த உதவி அது. அதை நிறுத்த அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அவர் இதுவரை செய்தது ஒரு வேலை அல்ல, மூன்று வேலைகள்: மழையைக் கணிப்பது, ஆபத்தை எச்சரிப்பது, பெய்ததை அளப்பது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால், எதை விடலாம், எதை வேறு கைக்கு மாற்றலாம், எதை விடவே கூடாது என்பது தெளிவாகும்.

பாகலூர் மழையைச் சொல்வது ஏன் கடினம்?

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பது பழமொழி. மகாதேவன் இருக்கட்டும், கணினிக்கே சில மழை பிடிபடுவதில்லை. ஓசூர், பாகலூர், பேரிகை வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகல் முழுக்க மண் சூடாகி, ஈரக்காற்று மேலெழும்பி, மாலையில் இடியோடு கொட்டும். அந்த மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். சாலைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும்.

கைப்பேசிச் செயலிகள் காட்டும் வரைபடமோ, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்ட கணக்கு. புகழ்பெற்ற ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த புதிய மாதிரியில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அப்படியும் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று ஊர்கள் அடங்கிவிடும். வங்கக்கடலில் புயல் வருகிறது என்றால் நாலைந்து நாள் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். இன்று மாலை இடிமழை எந்த ஊரில் விழும் என்று காலையில் சொல்ல யாராலும் முடியாது.

வானிலை மையம் "ஓரிரு இடங்களில் மழை" என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் அதிகபட்சம் கால் பங்கில் மழை பதிவாகலாம் என்று பொருள். அதாவது, முக்கால் பங்கு இடங்களில் பெய்யாமல் போனாலும் அந்த அறிவிப்பு சரியானதே. இது புரியாமல் போவதால்தான் சொன்னவர் மேல் கோபம் வருகிறது.

160 ஆண்டுகளுக்கு முன் நடந்தது

இந்தச் சங்கடம் புதியது அல்ல. தினசரி வானிலை அறிவிப்பை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் கடற்படை அதிகாரி ராபர்ட் பிட்ஸ்ராய். சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றி வந்த பீகிள் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் இவர்தான். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் நாளிதழில் தினசரி வானிலை அறிவிப்பையும் தொடங்கினார். தவறும்போதெல்லாம் கேலி கிளம்பியது. 1865இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஒரு அறிவியல் குழு ஆராய்ந்து, இந்தக் கணிப்புகளுக்குப் போதிய அடிப்படை இல்லை என்றது. தினசரி அறிவிப்பும் நின்றது, புயல் எச்சரிக்கையும் நின்றது.

தினசரி அறிவிப்பு இல்லாமல் மக்கள் சமாளித்துக்கொண்டார்கள். புயல் எச்சரிக்கை இல்லாமல் மீனவர்களாலும் துறைமுகத்தாராலும் இருக்க முடியவில்லை. அவர்கள் கேட்டுக் கேட்டு, 1867இலேயே எச்சரிக்கை திரும்பி வந்தது. நாளிதழில் தினசரி அறிவிப்பு மீண்டும் வர 1879 வரை ஆயிற்று.

அதே நாட்டில், அதே காலத்தில், ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் வேறொரு வேலையைத் தொடங்கினார். மழையைக் கணிக்கவில்லை, அளக்க மட்டும் ஆள் சேர்த்தார். 1860இல் 168 இடங்களில் தொடங்கியது, 1900இல் அவர் இறந்தபோது 3,000 இடங்களைத் தாண்டியிருந்தது. அளந்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தான். பாகலூர் வாசகருக்கு இங்கே பாடம் இருக்கிறது. கணிப்பு நின்றால் ஊர் தாங்கும். எச்சரிக்கை நிற்கக் கூடாது. அளவு நின்றால், விட்டுப்போன நாளை எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

யாரைக் கேட்பது?

இந்திய வானிலைத் துறையின் "மேக்தூத்" செயலி தமிழிலும் கிடைக்கிறது. அடுத்த ஐந்து நாளுக்கான மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றோடு, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையும் வரும். மின்னலுக்கு "தாமினி" செயலி. 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் வட்டார அளவில் முன்னறிவிப்பு தருகிறது. செயலி பார்க்கத் தெரியாதவர்கள் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வெள்ளம், புயல் போன்ற அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பாகலூருக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானி வைத்திருக்கிறது. மாலூர், ஆனேக்கல் பக்கம் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால், தென்பெண்ணையில் தண்ணீர் வருமா என்பதையும் ஓரளவு யோசித்து வைக்கலாம்.

அரசு ஏற்பாடும் எப்போதும் நிலையாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 தொடக்கத்தில் நாடு முழுவதும் மூடப்பட்டன. ஒரே ஆளையோ ஒரே அலுவலகத்தையோ மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவை விவசாயியே எடுக்க வேண்டும்

மழை வருமா என்பதை விட, வந்தால் எவ்வளவு நஷ்டம், காத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதே சரியான கேள்வி. ஒரு ஏக்கர் தக்காளிக்கு மருந்தடிக்க, கூலியோடு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்றால், பத்து முறை அடிப்பதில் மூன்று முறை மருந்து கழுவிப் போகும். நஷ்டம் 6,000, ஒரு முறைக்குச் சராசரி 600 ரூபாய். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் இலைக்கருகல் பரவி அதற்கு மேல் நஷ்டம் வரும் என்றால் இன்றே அடிக்கலாம். நோய் தீவிரம் இல்லை என்றால் காத்திருக்கலாம். யூரியா மேலுரத்துக்கும் இதே கணக்கு. கனமழை அறிவிப்பு இருக்கும்போது போட்டால் உரம் வாய்க்காலோடு போகும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்வதைத்தான் வானிலைத் துறை கனமழை என்கிறது.

இந்தக் கணக்கில் நோயின் நிலவரமும் கையிருப்புப் பணமும் வயலுக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். மழை சொல்பவருக்குத் தெரியாது. அவர் மேல் அந்தச் சுமையை ஏற்றியது ஊரின் பழக்கம். அதை ஊர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எப்படி நிறுத்துவது?

சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் வதந்தி கிளம்பும். ஒரு மாதம் முன்பே தேதி குறித்துச் சொல்லிவிடுவது நல்லது. பருவத்துக்கு நடுவில் இல்லாமல், வடகிழக்குப் பருவமழை முடியும் ஜனவரியில் நிறுத்தலாம். அதற்குள் குழுவில் உள்ள நாலைந்து இளைஞர்களுக்கு மேக்தூத் பார்க்கவும், "ஓரிரு இடங்களில்" என்பதன் பொருளைச் சொல்லவும் பழக்கிவிட வேண்டும். பழைய குரல் பதிவுகள் தேதி தெரியாமல் மறுபடி சுற்றும். முடிந்தவரை அவற்றை நீக்கிவிட வேண்டும். பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு என்பதையும் குழுவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எச்சரிக்கையை ஒருவரே சுமக்காமல், இரண்டு மூன்று பேர் முறை வைத்து, அரசு அறிவிப்பை மட்டும் அப்படியே பகிர்ந்தால் போதும். சொந்தக் கருத்து சேர்க்க வேண்டியதில்லை.

நோட்டு மட்டும் தொடரட்டும். அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும், யாரும் இரவில் போன் செய்ய மாட்டார்கள், யாரும் திட்டவும் முடியாது. ஆந்திராவில் சித்தூர், அனந்தபூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், விவசாயிகளே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, அந்தக் கணக்கை வைத்து எந்தப் பயிர் வைப்பது என்று ஊர்கூடிப் பேசிய திட்டம் ஒன்று நடந்தது. இங்கும் போர்வெல் ஆழம் ஆண்டுக்காண்டு கூடுகிறது. எந்த மாதம் எவ்வளவு பெய்தது என்ற ஊர்க்கணக்கு கையில் இருந்தால், கோடையில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் தாங்கும் என்று பேசவாவது முடியும். வானத்தைப் பார்க்கும் ஆசைக்கும் தடை இல்லை. மேகம் கட்டினால் அவர் மாடியேறிப் பார்க்கலாம். பார்த்ததைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இருக்காது.

இன்னொரு கேள்வி: வீட்டிலேயே மழைமானி செய்ய முடியுமா?

பேரிகையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முடியும். அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக, நேர்ச்சுவராக உள்ள எவர்சில்வர் டப்பா போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையளவு. சிறு மழைக்கு உயரம் பார்ப்பது சிரமம். டப்பாவின் வாய் 10 சென்டிமீட்டர் விட்டம் என்றால், தண்ணீரை மருந்து அளக்கும் மூடியில் ஊற்றிப் பார்க்கலாம்; ஏறக்குறைய 7.9 மில்லிலிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை.

மரம், சுவர், கூரை ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி, காற்றில் சாயாமல் நட்டு வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஆண்டுக் கணக்கு பொய்த்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 4,047 லிட்டர் தண்ணீர். "ஒரு உழவு மழை" என்று பெரியவர்கள் சொன்ன அன்றைக்கு மானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பக்கத்திலேயே குறித்து வைத்தால், உங்கள் மண்ணுக்கு எது உழவு மழை என்பது இரண்டு மூன்று பருவத்தில் தெரிந்துவிடும்.

ஆலங்கட்டி மழை விழுந்தால் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். காப்பீடு செய்த பயிர் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு வீட்டு நோட்டு ஆதாரம் ஆகாது. ஆனால் தேதியும் நேரமும் தடுமாறாமல் சொல்ல அது உதவும்.