கையில் கரி படட்டும்

"காருக்கடியில் படுத்துப் புரள்கிறீர்களே, பேனா பிடிக்கிற கைக்கு இது அழகா?" என்று சில கனவான்கள் என்னைக் கேட்கிறார்கள். அழகுதான் என்கிறேன் நான்.

அம்பாஸடர் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. என்னுடைய வண்டி நிற்கவில்லை. அதன் பின்பாரத்தைத் தாங்குபவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கமான் பட்டைகள். அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ்கள். அவை தேய்ந்தால் பள்ளந்தோறும் பின்னால் சத்தம் கேட்கும்; வளைவில் வண்டி அலைபாயும். புஷ்ஷை மாற்ற மேதாவித்தனம் வேண்டாம், நிதானம் போதும்.

ஆபத்தில்லையா? உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைகிறவன் வீரனல்லன், அசடன். முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பின் அச்சைத் தனி ஜாக்கியால் தாங்கி, பட்டையின் விறைப்பு தளர்ந்த பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். புதிய புஷ்ஷைப் போட்டதும் முழுக்க இறுக்கிவிடக் கூடாது. வண்டி சக்கரத்தில் நின்று பாரம் பட்டையில் ஏறிய பிறகே கடைசி இறுக்கம். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். அவசரப் பட்டறைக்கு இந்தப் பொறுமை ஏது? சொந்தக்காரனுக்கு உண்டு.

கம்பெனிகள் இதை விரும்புவதில்லை. அதே 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022-ல் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால், கை அழுக்காவதையே இழிவென்று எண்ணுகிற ஜனங்களுக்கு உரிமையைக் கொடுத்து என்ன பயன்?

ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். மறுநாள், அதைப் பிடித்து வேலை செய்கிறவனை 'டேய்' என்று கூப்பிடுகிறோம். கருவிக்குக் கும்பிடு, கைக்கு அவமதிப்பு! இதைவிடப் பெரிய பாசாங்கு உண்டா?

"எல்லாரும் தாமே செய்துகொண்டால் மெக்கானிக் எப்படிப் பிழைப்பான்?" என்று அங்கலாய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவன் கூலியில் பத்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடுகிறவர்களும் இவர்களே! துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு ஒரு காலைப்பொழுது மல்லாடிப் பார்த்தவன் அந்தக் கூலியில் பேரம் பேச மாட்டான். 'டேய்' என்றும் கூப்பிட மாட்டான்.